வெற்றிலையும் தாடையும்: நெய்யூர் ஆஸ்பத்திரி உலகத்துக்குச் சொன்ன சேதி

இந்த வாரம் ஊர் வரலாற்றில் ஓர் ஆஸ்பத்திரிக் கதை. கொஞ்சம் நீளம்தான். சாவகாசமாக வாசியுங்கள், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். திங்கள்நகர் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு உலக மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கத்தையும் கன்னத்திலும் ஈறிலும் தாடையிலும் வரும் புற்றுநோயையும் பற்றி உலகம் வாசித்த பழைய மருத்துவக் கட்டுரைகளில் முக்கியமான மூன்று, அங்கே வேலை பார்த்த டாக்டர்கள் எழுதியவை. அவற்றில் வரும் எண்ணிக்கைகள் எல்லாம் நம்முடைய பாட்டன் பாட்டிமார்தான். சேதி அன்றைக்கே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் தெருவுக்குத்தான் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

முதலில் பழக்கத்தின் கதை.

வெற்றிலையும் பாக்கும் நமக்கு மிகப் பழைய சங்கதி. சிலப்பதிகாரத்தில் மதுரையில் கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அதுதான் அவள் அவனுக்குக் கொடுத்த கடைசித் தாம்பூலம். ஆனால் அதில் புகையிலை கிடையாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் நம் நாட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு நம் வாயைவிட்டுப் போகவில்லை.

திருவிதாங்கூரில் புகையிலை அரசாங்கத்துக்கே பெரிய வருமானம். யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் முக்கியமான சந்தை. 1860களில் திவான் மாதவ ராவ் புகையிலை வியாபாரத்தில் அரசின் தனியுரிமையை நீக்கும்வரை அதை அரசாங்கம் மட்டுமே வாங்கி விற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் 'யாப்பாணம் பொயிலை' என்று சொன்னது இதைத்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்தவை. அதனால் பழைய மருத்துவக் கட்டுரைகளில் 'திருவிதாங்கூர்' என்று வாசித்தால் ஏதோ கேரளத்துச் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடக் கூடாது. அது நாம்தான்.

நம் ஊரில் கமுகு உண்டு, வெற்றிலைக் கொடி உண்டு, சிப்பி நீற்றிய சுண்ணாம்பு உண்டு. முறுக்கான் போடாத கல்யாணம் இல்லை, சாவு இல்லை, வயல் வேலை இல்லை. நடவுக்கு வந்த பெண்களுக்குக் கூலியோடு வெற்றிலையும் புகையிலையும் கொடுத்த காலம் உண்டு. பசி தெரியாது, களைப்பு தெரியாது என்பார்கள். அது உண்மையும்கூட. பாக்கிலும் புகையிலையிலும் நரம்பைத் தூண்டும் பொருட்கள் இருக்கின்றன. என் அப்பாவைப் பெற்ற பாட்டி ராத்திரி படுக்கும்போதும் ஒரு உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் படுப்பார். காலையில் துப்பிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார். இது அபூர்வமான பழக்கம் இல்லை. வயதானவர்கள் பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

பல்வலிக்கு மருந்தும் அதுதான். சொத்தைப் பல்லில் புழு இருக்கிறது, புகையிலைச் சாறு பட்டால் செத்துவிடும் என்று நம்பினார்கள். பல்லில் புழு எதுவும் கிடையாது. பல்லில் படியும் நுண்ணுயிர்கள் மாவும் இனிப்பும் தின்று அமிலம் சுரக்கின்றன, அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. புகையிலை வலியைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். ஆனால் பல்வலிக்கு அடக்கிய புகையிலை, பல் போன பிறகும் பழக்கமாக நின்றுவிட்டது. ஒரு சின்ன நோய்க்கு எடுத்த கைவைத்தியம் பெரிய நோய்க்கு வாசல் திறந்துவிட்டது.

இனி ஆஸ்பத்திரியின் கதைக்கு வருவோம்.

1838ல் லண்டன் மிஷனரி சொசைட்டி ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற டாக்டரை நெய்யூருக்கு அனுப்பியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் தெற்குத் திருவிதாங்கூர் மருத்துவ மிஷன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வேலை பார்த்த டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். அவர்கள் படித்த இங்கிலாந்தில் கன்னத்தின் உட்புறத்தில் புற்று வருவது அபூர்வம். இங்கே அதே நோயோடு ஆணும் பெண்ணும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

1908ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று டாக்டர் ஃபெல்ஸ் எழுதியது. தென்னிந்தியாவில் வாய்ப்புற்று பற்றியது, 209 அறுவைச் சிகிச்சைகளின் ஆய்வு. இன்னொன்று டாக்டர் பென்டால் எழுதியது. திருவிதாங்கூரில் புற்றுநோய், 1,700 நோயாளிகளைப் பற்றிய தொகுப்பு. இரண்டு பேரும் நெய்யூர்க்காரர்கள். இதற்கு ஆறு வருடம் முன்பு, 1902ல், சென்னையில் நிப்லாக் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரும் வெற்றிலை போடுவதையும் கன்னப் புற்றையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்.

அந்த 209 என்ற எண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பெனிசிலின் இல்லாத காலம். ரத்தத்தில் வகைகள் உண்டு என்றே 1901ல்தான் கண்டுபிடித்திருந்தார்கள், ரத்தம் ஏற்றும் வசதி கிடையாது. அந்தக் காலத்தில் கன்னத்தையும் தாடை எலும்பையும் வெட்டி எடுக்கும் சிகிச்சை. அதற்கு ஒத்துக்கொண்டு மேசையில் படுத்தவர்களின் துணிச்சலை நான் பெரிதாக நினைக்கிறேன். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மாட்டு வண்டியிலும் நடந்தும் வந்தவர்கள். வேறு போக்கிடம் இல்லை என்பதும் உண்மை. சென்னையில் பார்னார்டு கதிரியக்க நிலையம் வந்தது 1934ல். பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941ல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல். திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981ல். இவற்றுக்கெல்லாம் முன்னால் நம் ஜனங்களுக்கு இருந்தது நெய்யூர்.

தாடையை ஏன் எடுக்க வேண்டும் என்று சிலர் கேட்பீர்கள். வெற்றிலை உருண்டையை நாம் அடக்குவது கீழ்த்தாடைக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள குழியில். புண் அங்கேதான் தொடங்கும். அதற்கு ஒரு பக்கம் கன்னத்துச் சதை, இன்னொரு பக்கம் ஈறு. ஈறுக்கு அடியில் உடனே எலும்பு. வாயின் அந்த இடத்தில் ஈறு மிக மெல்லியது. புற்று கொஞ்சம் வளர்ந்தாலே எலும்பைத் தொட்டுவிடும், பல் ஆடும், கழுத்தில் நெறி கட்டும். இன்னும் முற்றினால் கன்னம் ஓட்டையாகி, குடித்த கஞ்சி வெளியே வரும். இந்த இடத்துப் புற்று நம் நாட்டில் அவ்வளவு சாதாரணம் என்பதால் மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'இந்திய வாய்ப்புற்று' என்றே ஒரு பேர் உண்டு. பெருமைப்படுகிற பேர் இல்லை.

அடுத்த பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்த பெயர், டாக்டர் ஹோவர்டு சாமர்வெல். 1922ல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் ஒருவர். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஒற்றை ஆளாக டாக்டர் பூ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்ததையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை வேண்டாம் என்று வைத்துவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924ல் மறுபடி எவரெஸ்ட் ஏறியபோது, இறங்கும் வழியில் குளிரில் கருகிய தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சுக்குழலை அடைத்துவிட்டது. கையால் நெஞ்சை அழுத்தி இருமித் துப்பி உயிர் பிழைத்தார். அதன்பிறகு இருபது வருடங்களுக்கு மேல் நம் ஊரில் வயிற்றுப் புண்ணுக்கும் வாய்ப்புற்றுக்கும் கத்தி பிடித்தார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். அவர் காலத்தில் நெய்யூருக்கு ரேடியமும் வந்தது. ரேடியம் வைத்த ஊசிகளைப் புற்றுக்குள் செருகி, சில நாள் அப்படியே வைத்துப் புற்றை எரிக்கும் முறை. கத்தியால் முகம் சிதையாமல் காப்பாற்ற ஒரு வழி கிடைத்தது.

சாமர்வெல்லோடு வேலை பார்த்த டாக்டர் ஓர், 1933ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களின் வாய்ப்புற்று, அதன் காரணம், நோயின் இயல்பு, சிகிச்சை என்பது அதன் பொருள். தலைப்பிலேயே காரணம் வந்துவிட்டதைப் பாருங்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டிய பெரிய ஆய்வுகள் வந்தது 1950ல். அதற்குப் பதினேழு வருடம் முன்பே நம் ஊர் வாய்களை வைத்து இந்தக் கட்டுரை வந்துவிட்டது. வாய்ப்புற்றைப் பற்றி இன்று உலகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களும் 1908ஐயும் 1933ஐயும் தொட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள்.

ஒரு பழக்கத்தையும் ஒரு புற்றையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1775ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற டாக்டர், புகைக்கூண்டு துடைக்கும் வேலைக்குச் சிறுவயதில் போனவர்களுக்கு விதைப்பையில் புற்று வருகிறது, காரணம் கரி என்று எழுதினார். காஷ்மீரில் குளிருக்காகக் கணப்புச் சட்டியை உடைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு பட்ட இடத்தில் தோல் புற்று வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த மிஷன் டாக்டர்கள் எழுதினார்கள். அந்த வரிசையில் மூன்றாவதாக வைக்க வேண்டியது நெய்யூர்.

இந்த இடத்தில் வரலாறு ஒரு திருப்பம் எடுக்கிறது. நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ரொம்ப காலம் பழி முழுவதும் புகையிலை மேல் விழுந்தது. பாக்கு நல்லது, வெற்றிலை செரிமானம், புகையிலைதான் கெட்டது என்று படித்தவர்களும் பேசினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985ல் வெளியிட்ட அறிக்கையிலும், புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று மட்டுமே உறுதியாகச் சொன்னது. புகையிலை இல்லாததைப் பற்றிச் சொல்ல அன்றைக்குச் சான்று போதவில்லை. பிறகு தைவானிலிருந்து ஆய்வுகள் வந்தன. அங்கே பாக்கைப் புகையிலை சேர்க்காமல்தான் மெல்லுகிறார்கள், அங்கேயும் வாய்ப்புற்று வந்தது. 2004ல் வந்த அறிக்கையில் அதே அமைப்பு தெளிவாக எழுதியது: புகையிலை சேர்க்காத தாம்பூலமும் புற்றை உண்டாக்கும், பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் பொருள்.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருளும் பாக்கில் கலந்திருக்கும் தாமிரமும் சேர்ந்து வாயின் உட்தோலுக்கு அடியில் நார்ச்சதையைப் பெருக்குகின்றன. சுண்ணாம்பு சேரும்போது காரத்தன்மை கூடி, பாக்கின் சத்துகளும் நிகோட்டினும் வேகமாகச் சவ்வுக்குள் இறங்குகின்றன. வாய் சிவப்பது அழகு என்று பாட்டுக் கட்டினோம். அதே வேளையில் சவ்வு வேகிறது.

இதிலிருந்து வருகிற நோய்தான் வாய் இறுக்க நோய். வாய் திறக்க முடியாமல் போகிற நோய். இதை 1952ல் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் பார்த்து எழுதினார். அடுத்த வருடமே பம்பாயில் டாக்டர் ஜோஷி இதே நோயை விவரித்தார். முதலில் மிளகாய் பட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் கயிறு மாதிரி பட்டை பட்டையாக இருக்கும். பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு விரல்கூட நுழையாது. பல் டாக்டர் ஒரு சொத்தைப் பல்லைப் பார்க்கக்கூட முடியாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் இருந்த 66 பேரைப் பதினேழு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று வந்தது.

சில மாதங்களுக்கு முன்பு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. "சார், வாய் தொறக்க முடியல, கொழம்பு பட்டா தீயா எரியுது" என்றான். புகையிலை போடுவாயா என்று கேட்டேன். "சேச்சே, இல்ல சார், வெறும் பாக்குப் பொட்டலம்தான், நாளுக்குப் பத்துப் பன்னெண்டு" என்றான். அந்த 'வெறும்' என்ற வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. முறுக்கான் போட வெற்றிலைப் பெட்டி வேண்டும், பாக்குவெட்டி வேண்டும், உட்கார நேரம் வேண்டும். பொட்டலத்துக்கு எதுவும் வேண்டாம். பைக் ஓட்டிக்கொண்டே கிழித்துப் போடலாம். பாட்டி அறுபது வயதில் கண்டதைப் பேரன் முப்பதில் காண்பதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013 மே மாதம் தடை செய்யப்பட்டன. ஆனால் பொட்டலத்தின் மேல் 'புகையிலை இல்லை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பையன்கள் தைரியமாகிவிடுகிறார்கள். 2004ன் அறிக்கை அவர்களுக்குத் தெரியாது.

அந்தத் தம்பி இப்போது பாக்கை விட்டுவிட்டான், சிகிச்சையில் இருக்கிறான். இந்த நோய்க்கு முதல் மருந்து பாக்கை விடுவது. பிறகு வாய் திறக்கும் பயிற்சிகள், கன்னத்துக்குள் போடும் ஊசிகள், ரொம்ப இறுகிவிட்டால் பட்டைகளை அறுத்துவிடும் சிகிச்சை. ஒன்றைச் சொல்ல வேண்டும், இறுகிய நார் முழுவதும் பழையபடி இளகாது. மேலும் இறுகாமல் நிறுத்தலாம், ஓரளவு திறக்க வைக்கலாம். ஆகவே சீக்கிரம் போவதில்தான் லாபம்.

புற்றுக்கான சிகிச்சை பென்டால் காலத்திலிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. தாடை எலும்பை எடுத்தால் முகம் ஒரு பக்கம் இடிந்துபோய்விடும் என்ற நிலை மாறியது. 1979ல் மார்புச் சதையை அதன் ரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து கன்னத்தில் வைக்கும் முறை வந்தது. 1989ல் காலில் இருக்கும் சிறிய எலும்பை எடுத்துத் தாடையாக வளைத்து, ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் தைத்துப் பொருத்தும் முறை வந்தது. அந்த எலும்பில் பிறகு பல்லும் கட்டலாம். கதிர்வீச்சும் மருந்துகளும் கூடவே இருக்கின்றன. இருந்தாலும் சின்னதாக இருக்கும்போது எடுத்த புற்றுக்கும், எலும்பைத் தின்று கழுத்துக்கு இறங்கிய புற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். 2022ல் மட்டும் இந்தியாவில் புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள் ஒரு லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு.

வயிற்றுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் வருகிற புற்றைப் பார்க்கக் கருவி வேண்டும். வாய்க்கு ஒரு டார்ச் லைட் போதும். இதற்கும் நம் பக்கத்து வீட்டிலேயே சான்று இருக்கிறது. 1996ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்து 90 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். மற்ற ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கம்போல விட்டார்கள். 2005ல் முடிவு லான்செட்டில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை, வாயைத் திறந்து பார்த்ததற்குக் கிடைத்த பலன். 1933ல் நெய்யூரிலிருந்து காரணம் போன அதே லான்செட்டுக்கு, எழுபது வருடம் கழித்து அதே பழைய திருவிதாங்கூரிலிருந்து வழியும் போனது.

பழக்கத்தை விடச் சொல்வதால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எர்ணாகுளம், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர் என்று மூன்று மாவட்டங்களில் புகையிலைப் பழக்கமுள்ள 36 ஆயிரம் பேரிடம் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் வருடாவருடம் போய்ப் பேசினார்கள். 1986ல் எழுதினார்கள்: பேசியதால் பலர் விட்டார்கள், குறைத்தார்கள், புற்றுக்கு முந்தைய வெள்ளைத் திட்டுகள் வருவதும் குறைந்தது. அதனால் வீட்டில் சொல்வது வீண் என்று நினைக்க வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. மாதம் ஒருமுறை, பல் தேய்த்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். பல்செட் வைத்திருப்பவர்கள் கழற்றிவிடுங்கள்.

உங்கள் சொந்த விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்கு வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது.

இரண்டு கன்னத்தின் உட்புறம், கீழ்த்தாடைக் குழி, ஈறு, நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடி, அண்ணம், எல்லாம் பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், பல் பிடுங்கிய இடம் வாரக் கணக்கில் ஆறாமல் இருப்பது, கீழ் உதடு மரத்துப் போவது, வாய் திறப்பது குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடமோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வாய்ப்புற்று பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் சூது.

பயப்படுத்தவும் இல்லை. வாய் திறக்காததற்கு ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் வீங்குவது, தாடை மூட்டுத் தேய்மானம், சீழ் கட்டுவது என்று வேறு காரணங்களும் உண்டு. பல புண்கள் கூரான பல் கிழித்ததால் வருபவை. அந்தப் பல்லைத் தேய்த்துவிட்டால் ஆறிவிடும். எதுவாயினும் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். கடைக்காரர் தரும் களிம்பு அதை முடிவு செய்யாது.

பாக்கையும் புகையிலையையும் விடத் தனியாக முடியாதவர்களுக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது: 1800-112-356. வெட்கப்பட ஒன்றுமில்லை. பழக்கம் என்பது மனதின் பலவீனம் மட்டும் இல்லை, நரம்பு கேட்கிற கூலி அது. அதற்கு உதவி வேண்டும்.

சடங்குக்கு வெற்றிலை பாக்கு வேண்டாமா என்று பெரியவர்கள் கோபிக்கலாம். தட்டில் வையுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், சாமிக்குப் படையுங்கள். மெல்லாமல் இருந்தால் போதும். கல்யாண வீட்டில் பாக்குப் பொட்டலத்தைக் குழந்தைகள் எடுக்கும் உயரத்தில் வைக்காதீர்கள், அது முக்கியம்.

நெய்யூர் ஆஸ்பத்திரி ஏடுகளில் நம் முன்னோர் எண்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் லண்டன் இதழ்களில் வரவில்லை. ஆனால் அவர்கள் திறந்து காட்டிய வாயிலிருந்துதான் உலகம் கற்றுக்கொண்டது. உங்கள் வீட்டில் யாராவது நெய்யூரில் அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்றிருந்தால், பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள், சேர்த்து வைப்போம். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் முறுக்கான் போடுகிற பெரியவர் யாராவது இருந்தால், போன் டார்ச்சை அடித்து வாயைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். திட்டுவார்கள். பரவாயில்லை, திட்டுவதற்கும் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.